‘ஒண்ணும் செலவாகல தம்பி’: ஹெல்த் எகனாமிக்ஸ் முதுகலையில் என்னதான் படிக்கிறார்கள்?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். சித்திரை மாத வெயில். திண்ணையில் உட்கார்ந்து, மடியில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, என் வாழ்க்கையின் முதல் கள நேர்காணலை ஆரம்பித்தேன். “அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருந்தீங்களேக்கா, மொத்தம் எவ்வளவு செலவாச்சு?” அந்த அக்கா பூக்கட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: “ஒண்ணும் செலவாகல தம்பி. கவர்மெண்டு ஆஸ்பத்திரிதான.”

கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கூட வந்திருந்த சீனியர் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். “ஒம்பது நாளும் அம்மாகூட யாருக்கா இருந்தது?” “நாந்தேன். வேற யாரு இருக்கா?” “அப்ப பூப்பறிக்கப் போகல?” “எங்கிட்டுப் போறது, விடியங்காட்டியும் போனாத்தான பூவு.” அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மல்லிகைத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 300 ரூபாய் கிடைத்திருக்கும். ஒன்பது நாள் போச்சு, 2,700. நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு போட்டார்கள், கூட இருந்தவருக்குக் கடைச் சாப்பாடு, நாளுக்கு 150 வீதம் 1,350. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வரை டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். கால் புண்ணோடு அம்மாவை டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் ஆட்டோவும் பிடித்ததில் 480. கைச்செலவுக்கு வேண்டும் என்று கம்மலை 10,000 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தார். நூற்றுக்கு இரண்டு வட்டி, அந்த மாதத்துக்கு 200.

கூட்டினால் 4,730 ரூபாய். நான் போட்ட பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சீனியர் அதை எழுதினார்.

சுகாதாரப் பொருளியல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கணக்கு எழுதும் படிப்பு என்று வீட்டில் ஒருவர், மெடிக்கல் காலேஜுக்குப் பக்கவழி என்று இன்னொருவர், எம்.பி.ஏ. மாதிரிதானே என்று மூன்றாமவர். மூன்றும் இல்லை. யாரும் பில் போடாத செலவை யார் சுமக்கிறார்கள், ஒன்றுக்குச் செலவழித்ததால் வேறு எது நடக்காமல் போனது என்று பார்ப்பதுதான் இந்தப் படிப்பின் உயிர்நாடி. பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தில் ‘வாய்ப்புச் செலவு’ என்று ஒரு வரியில் கடந்து போனோமே, அதையே இரண்டு வருடம் திருப்பித் திருப்பிப் படிக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

சிவப்புப் பேனா

அந்த 4,730-ஐப் பெருமையாகக் கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டினோம். அவர் முதலில் வட்டியை அடித்தார். “இது யாருக்குப் போச்சு?” அடகுக்கடைக்கு. “அப்ப அக்காவுக்கு நஷ்டம், கடைக்காரருக்கு வருமானம். ஊர் மொத்தமா பாத்தா பணம் கை மாறியிருக்கு, அவ்வளவுதான்.” அடுத்து சாப்பாடு. “வீட்டில் இருந்திருந்தால் பட்டினியா கிடந்திருப்பாங்க? கடைச் சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுது.” கூலிக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “அந்தப் பூவைப் பக்கத்து வீட்டுக்காரங்க பறிச்சுட்டாங்கன்னா?”

எங்களுக்குக் கோபமாக வந்தது. ஒரு ஏழைப் பெண்ணின் நஷ்டத்தை வரிவரியாக அடித்துக்கொண்டிருக்கிறாரே என்று. பிறகுதான் புரிந்தது, அவர் கேட்டது மூன்றும் இந்தத் துறையில் பல வருடச் சண்டைகள். முதல் சண்டை, யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது. அரசின் கணக்கில் அந்த ஒன்பது நாள் என்பது படுக்கை, மருந்து, செவிலியர் சம்பளம். குடும்பத்தின் கணக்கில் 4,730, வட்டியும் சேர்த்து. சமூகத்தின் கணக்கில் இரண்டும் சேரும், ஆனால் வட்டி கழியும். எந்தக் கண் என்று முதல் பக்கத்திலேயே சொல்லாத ஆய்வறிக்கையை நம்ப வேண்டாம். மூன்றாவது கேள்விக்குப் பெயரே உண்டு. இழந்த கூலி முழுவதையும் நஷ்டம் என்று எழுதுவது ஒரு முறை. அதை மனித மூலதன முறை என்பார்கள். வேறு ஆள் வந்து அந்த வேலையைச் செய்யத் தொடங்கும் வரைதான் நஷ்டம் என்பது இன்னொன்று. 1990-களில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் முன்வைத்தது. மல்லிகைத் தோட்டத்தில் மாற்று ஆள் மறுநாளே கிடைப்பார். இரண்டாவது முறைப்படி அக்காவின் ஒன்பது நாள் கூலி ஏறக்குறைய மறைந்துவிடும். கணக்கு சரி. அக்காவுக்குத்தான் கூலி வராது.

எந்த முறை நியாயம் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு: கூலிக்காரர்கள் நிறைந்த ஊரில் குடும்பத்தின் கணக்கைத் தனியாக ஒரு அட்டவணையில் போடாமல் சமூகக் கணக்கை மட்டும் காட்டுவது பாதிக் கணக்கு.

மூன்று பெயர்கள், ஒரு சோதனை

பாடத்திட்டம் எங்கே போனாலும் 1963-இல்தான் தொடங்கும். கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் அந்த வருடம் எழுதிய கட்டுரை, மருத்துவச் சந்தை ஏன் கத்திரிக்காய்ச் சந்தை மாதிரி நடப்பதில்லை என்பதை நிச்சயமின்மையை வைத்து விளக்கியது. நோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபின் எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. தெரிந்தவரிடம்தான் போக வேண்டும், அவரேதான் விற்பவரும். பரவை மார்க்கெட்டில் காய் சொத்தையா என்று திருப்பிப் பார்த்து வாங்கும் ஆள், ஸ்கேன் எடுக்கச் சொன்னால் கேள்வி கேட்காமல் எடுக்கிறார். அடுத்து மைக்கேல் கிராஸ்மன், 1972. உடல்நலத்தை ஒரு மூலதனம்போல எடுத்துக்கொண்டு, வயதாக ஆகத் தேய்மானம் கூடும், உணவும் உடற்பயிற்சியும் மருந்தும் அதில் போடும் முதலீடு என்று கட்டிய கணக்கு மாடல். படிக்கும்போது செயற்கையாகத் தெரியும். ஒரே வயதுக்காரர்களான ஆசிரியரையும் சுமைதூக்கும் தொழிலாளியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் காப்பீடு. இதில் வரும் இரண்டு சொற்களை எல்லோரும் ஆங்கிலத்திலேயே சொல்கிறார்கள்: அட்வர்ஸ் செலக்‌ஷன், மாரல் ஹசார்டு. நோய் உள்ளவர்களே தேடி வந்து காப்பீடு எடுப்பது முதலாவது. எப்படியும் காப்பீடு கொடுக்கும் என்பதால் தேவைக்கு மேல் சிகிச்சை நடப்பது இரண்டாவது. இந்த இரண்டாவதை அளக்க அமெரிக்காவில் ரேண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஒரு பெரிய சோதனை நடத்தியது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலருக்குப் பெரும்பங்கு கைக்காசு. கைக்காசு கொடுத்தவர்களின் மருத்துவச் செலவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. சராசரியாகப் பார்த்தால் அவர்கள் உடம்புக்கும் பெரிய கேடு இல்லை. இதோடு நிறுத்திக்கொள்ளும் பாடக்குறிப்புகள் நிறைய உண்டு. மீதி வரி முக்கியம்: ஏழைகளில் ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்கு இலவசத் திட்டத்தில் இரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது, பார்வையும் மேம்பட்டது. கைக்காசு குறைத்தது தேவையில்லாத சிகிச்சையை மட்டும் இல்லை, தேவையானதையும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டில் இதைப் பொருத்திப் பார்க்க நல்ல களம் இருக்கிறது. 2009-இல் தொடங்கிய அரசு உயிர்காக்கும் காப்பீடு, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இப்போது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. பிரீமியத்தை அரசே கட்டிவிடுவதால் அட்வர்ஸ் செலக்‌ஷன் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனால் அட்டை வேலை செய்வது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அட்டை இல்லை. இந்தியக் குடும்பங்களின் கைக்காசில் பெரும்பங்கு வெளிநோயாளியாகப் போவதிலும் மருந்திலும்தான் கரைகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும்போது, மருந்து முன்பே இலவசம்தானே, புதிதாக என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த அக்காவின் பூக்கூலிதான். மாத்திரையின் விலை மாறவில்லை. அதை வாங்கப் போகும் நாளின் விலை குறைந்தது.

மூன்றாவது பெயர் ஆலன் வில்லியம்ஸ், இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம். க்வாலி என்று சுருக்கமாகச் சொல்லும் அளவை, அதாவது எத்தனை வருடம் வாழ்ந்தார் என்பதை எப்படி வாழ்ந்தார் என்பதால் பெருக்கும் அளவை, கொள்கை மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. பாதித் தரத்தில் பத்து வருடம் என்றால் ஐந்து க்வாலி. அந்த ‘பாதி’ எங்கிருந்து வருகிறது? ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. பெருக்கினால் 3,125 உடல்நிலைகள். ஒவ்வொன்றும் எத்தனை மதிப்பு என்று பொதுமக்களிடம் கேட்டுக் கேட்டு ஓர் அட்டவணை போடுவார்கள். வெள்ளைக்காரர்களின் அட்டவணையை வைத்துக்கொண்டே நம் ஆய்வுகள் பல காலம் ஓடின. இந்தியாவுக்கென்று அட்டவணை 2022-இல்தான் வெளிவந்தது. சம்மணம் போட்டு உட்கார முடியாத முழங்கால் வலிக்கு இங்கிலாந்துக்காரர் கொடுக்கும் மதிப்பும் நம் ஆட்கள் கொடுக்கும் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

க்வாலி கிடைத்தபின் கணக்கு எளிது. ஒரு கற்பனை எண் பார்ப்போம். சர்க்கரை நோயாளிகளின் கண்ணை இப்போது பரிசோதிக்கும் விதத்தில் ஆளுக்கு 400 ரூபாய், 10.00 க்வாலி. புது விதத்தில் 1,400 ரூபாய், 10.02 க்வாலி. கூடுதல் செலவு 1,000. கூடுதல் பலன் 0.02. வகுத்தால் ஒரு க்வாலிக்கு 50,000 ரூபாய். இதைத்தான் ஐசர் என்கிறார்கள். இது அதிகமா, குறைவா? இங்கிலாந்தில் சிகிச்சைகள் காசுக்குத் தகுந்தவையா என்று மதிப்பிட 1999-இல் தொடங்கிய நைஸ் அமைப்பு நீண்ட காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்று ஒரு கோடு வைத்திருந்தது. இந்தியாவில் 2017-இல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் வந்த மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு, பொதுவாக நாட்டின் தலா உள்நாட்டு உற்பத்தியை ஒட்டிப் பார்க்கிறது. அது இப்போது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். நம் 50,000 கோட்டுக்குள் வருகிறது. ஆனால் கோட்டுக்குள் வருவது வேறு, கையில் காசு இருப்பது வேறு. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்பது லட்சக்கணக்கான சர்க்கரை நோயாளிகளுக்கு என்றால் எத்தனை கோடி என்ற அடுத்த கணக்கைப் போடாமல் அறிக்கையை முடித்துவிடும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஒருமுறை முடித்தவன்தான்.

அண்ணா நகர்ப் பக்கம் போனால்

மதுரையில் இந்தப் பாடம் படிப்பவர் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டிப் போக முடியாது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. உலகத்தின் பெரிய மேலாண்மைப் பள்ளிகளில் பாடமாக வைக்கிறார்கள். கட்டணம் கட்டுபவர், கட்டாதவர் என்று இரண்டு வாசல். ஒரு பக்கம் வரும் உபரி மறுபக்கத்தைத் தாங்குகிறது. ஒரு மேசையில் அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார், மருத்துவர் திரும்பினால் போதும். மைக்ரோஸ்கோப்பின் விலையும் மருத்துவரின் நேரமும் அதிகம் பேருக்குப் பங்கிடப்படுவதால் ஆளுக்கு ஆகும் செலவு இறங்குகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். லென்ஸின் விலை பல மடங்கு சரிந்தது.

இதை வைத்துப் பாராட்டுரை எழுதிப் புராஜெக்ட் என்று கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கண்புரை என்பது அறுவை சிறியது, நேரம் கணிக்கக்கூடியது, அநேகமாக எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒருமுறை செய்தால் முடிந்தது. டயாலிசிஸுக்கு இதில் எது பொருந்தும்? பிரசவத்துக்கு? எது பொருந்தாது என்று சொல்லத் தெரிந்தால் அது பொருளியல்.

எனக்குப் பிடித்தவை அந்தப் புகழ்பெற்ற அறுவைக்கூடத்தைப் பற்றியவை அல்ல, கிராமத்தைப் பற்றிய இரண்டு பழைய ஆய்வுகள். முதலாவது 1991-இல் வெளியானது. மதுரையைச் சுற்றிய கிராமங்களைக் குலுக்கிப் பிரித்து, சில ஊர்களில் அறுவை மட்டும் இலவசம் என்றார்கள். சில ஊர்களில் அறுவையோடு பயணம், சாப்பாடு என்று எல்லாமே இலவசம் என்றார்கள். எல்லாம் இலவசம் என்ற ஊர்களில்தான் அதிகம் பேர் வந்தார்கள். இரண்டாவது 1999-இல் வந்தது. கண்ணில் கோளாறு இருப்பவர்களில் எத்தனை பேர் கண் முகாமுக்கு வருகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தால், சுமார் 7 சதவீதம். முகாம் ஊருக்குப் பக்கத்தில், பரிசோதனை இலவசம், அறுவையும் இலவசம், பஸ்ஸும் விடுகிறார்கள். அப்படியும் அவ்வளவுதான். கூட வர ஆள் இல்லை, பயம், வீட்டில் வேலை, இந்த வயதில் எனக்கு எதற்குக் கண் என்ற நினைப்பு. பிறகு அரவிந்த் கிராமப்புறங்களில் நிரந்தரமான சிறு பார்வை மையங்களைத் திறந்து, அங்கிருந்தே இணையம் வழியாக மருத்துவரிடம் காட்டும் முறைக்குப் போனது. விலை பூஜ்யமாக இருக்கும்போதும் தேவை ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டை நான் வெளிநாட்டுப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மத்திய மதிப்பீட்டு அமைப்பு எடுத்துக்கொண்ட ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று கண்புரை லென்ஸ்தான். சிறு வெட்டு அறுவையும் மடிக்க முடியாத சாதாரண லென்ஸும் சேர்ந்ததே நம் நாட்டு நிலைக்குப் பொருத்தம் என்று 2018-இல் முடிவு சொன்னார்கள். மெஷின் ஆபரேஷன், மடக்கும் லென்ஸ் என்றால்தான் உசத்தி என்று நினைக்கும் நம் மாமாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கணக்குக்குப் பயந்தால்

மருத்துவம் தெரியாமல் இந்தப் படிப்பில் சேரலாம். கணக்கு தெரியாமல் சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே மூச்சு முட்டும். பெரிய கால்குலஸ் எல்லாம் இல்லை; புள்ளியியல்தான் எல்லாம். ஏன் என்று ஒரு உதாரணம். நூறு பேரிடம் போன வருட ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டால் தொண்ணூறு பேருக்குமேல் பூஜ்யம் வரும், சிலருக்குச் சில ஆயிரம், ஒருவருக்கு எட்டு லட்சம். இதற்குச் சராசரி எடுத்து என்ன செய்வது? நேர்கோடு போட்டால் தப்பு. அதனால் இரண்டு படியாகப் பிரிப்பார்கள்: செலவு ஆனதா இல்லையா என்பது முதல் படி, ஆனவர்களுக்கு எவ்வளவு என்பது இரண்டாவது. லாஜிட், காமா என்று வகுப்பில் கேட்கும் பெயர்கள் இந்த இடத்தில்தான் வரும். எம்.ஏ.வில் எகனாமெட்ரிக்ஸ் தாளை மனப்பாடத்தில் தாண்டியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டிக்கொண்டேன். விடுமுறையில் இரண்டு மாதம் ஆர் மென்பொருளோடு மல்லுக்கட்டித்தான் கரையேறினேன். ஆர் இலவசம், ஸ்டாட்டாவுக்குக் காசு. மாடல் கட்டுவதற்கு எக்செலே போதும் என்பது கொஞ்சம் ஆறுதல்.

தரவுக்கும் பஞ்சமில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, வீட்டு வாரியாக மருத்துவச் செலவு கேட்டது. மூலத் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் படுத்ததற்குக் கடந்த 365 நாள், மற்ற நோய்க்குக் கடந்த 15 நாள் என்று கேள்வியின் காலமே வேறுவேறு. இரண்டையும் நேராகக் கூட்டி அறிக்கை எழுதியவர்கள் உண்டு. தேசிய சுகாதாரக் கணக்குப்படி மொத்த மருத்துவச் செலவில் குடும்பங்களின் கைக்காசு 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4. மேடையில் சொல்ல நல்ல எண்தான். ஆனால் பின்னதற்கான குடும்பச் செலவு மதிப்பீடு அந்த 75-வது சுற்றை அடிப்படையாக வைத்து நீட்டிக் கணக்கிட்டது என்பதும், செலவு குறைந்ததா அல்லது சிகிச்சைக்கே போகாமல் இருந்தார்களா என்பது விவாதத்தில் இருப்பதும் வகுப்பில் பேசப்படும். ஒரு எண்ணைப் பார்த்ததும் அதன் கேள்வித்தாளைத் தேடும் புத்தி வந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது.

எங்கே, எப்படி

மதுரையில் பொருளியல் முதுகலைக்குக் குறைவில்லை. 1966-இல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1881 முதல் நிற்கும் அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. சுகாதாரப் பொருளியல் இப்படிப்பட்ட எம்.ஏ.க்களில் பொதுவாக ஒரு தாளாக வரும். அதையே முழுப் பட்டமாகப் படிக்க ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுகலை, சுகாதாரக் கொள்கை, பொருளியல், நிதி என்ற பிரிவோடு உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரையின் அச்சுத மேனன் மையமும் சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் பொதுச் சுகாதார முதுகலை நடத்துகின்றன. அங்கே பொருளியல் ஒரு பகுதி. ஆராய்ச்சி என்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி.ஆர். முரளீதரன் போன்றவர்கள் பல வருடங்களாகத் தமிழ்நாட்டின் சுகாதார அமைப்பையே ஆராய்ந்திருக்கிறார்கள். 2021 முதல் கேட் (GATE) தேர்விலும் மானுடவியல், சமூக அறிவியல் தாளில் பொருளியல் ஒரு பிரிவாக வந்துவிட்டது. வெளிநாடு என்றால் யார்க். 1970-களின் பிற்பகுதியிலிருந்தே இதற்கென்று முதுகலை நடத்துகிறார்கள். கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றும். காமன்வெல்த் மாதிரி உதவித்தொகை இல்லாமல் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாய்ப்புச் செலவு படிக்கப் போகிறவர் தன் படிப்பின் வாய்ப்புச் செலவைப் போட்டுப் பார்க்காமலா போவது?

யார் வருகிறார்கள்? எம்.ஏ. பொருளியல்காரர்கள், சமூக மருத்துவம் படித்த டாக்டர்கள், சமீபமாக ஃபார்ம் டி என்ற ஆறு வருட மருந்துப் படிப்பை முடித்தவர்கள். மருந்துப் பொருளியல் அவர்களுக்கு அந்தப் படிப்பிலேயே ஒரு பாடம். பெங்களூரு, ஐதராபாத், குருகிராமில் மருந்து கம்பெனிகளுக்காக வெளிநாட்டு மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களில் சம்பளமும் பரவாயில்லை. அங்கே நீங்கள் போடும் கணக்கு பெரும்பாலும் லண்டனில் ஒரு மருந்து விற்கத்தான் உதவும். அதில் தப்பில்லை, தெரிந்து போனால் சரி. அரசுப் பக்கம் வேலை குறைவு, ஒப்பந்தம் அதிகம். ஆனால் வேலை நேரடியானது: காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு அறுவைக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்க, ஆஸ்பத்திரியில் அந்த அறுவைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். கையுறை எத்தனை ஜோடி, செவிலியர் எத்தனை நிமிடம், ஜெனரேட்டர் டீசலில் இந்த வார்டின் பங்கு என்ன. சலிப்பான வேலை என்பார்கள். எனக்கு இதில் சலிப்பே வந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆய்வேட்டுக்கு நோயாளிகளிடம் பேசுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தலைப்பு முடிவான அன்றே விண்ணப்பியுங்கள். நான் வைகாசியில் கொடுத்த மனுவுக்குக் கார்த்திகை கடைசியில்தான் கையெழுத்து வந்தது. மார்கழிப் பனியில் அதே பக்கத்து கிராமங்களுக்குப் போனேன். மல்லிகைச் செடிகள் காய்ந்தமாதிரி நின்றன. கிலோ விலை உச்சத்தில், ஆனால் பறிக்கப் பூ இல்லை. எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு 50 ரூபாய் தேறினால் பெரிது. சித்திரையில் 300 என்று எழுதிய அதே கட்டத்தில் இப்போது என்ன எண் போடுவது என்று ஆசிரியருக்கு போன் போட்டுக் கேட்டேன். “ரெண்டையும் எழுது, மாசத்தையும் பக்கத்துல போடு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.